வீட்டு விலையும் வகுப்பறைக் கணக்கும்

(குறுவள மையக் கூட்டத்தில், கணித ஆசிரியர்களிடையே ‘வாழ்வியல் கணிதம்’ பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எட்டாம் வகுப்பு ‘வாழ்வியல் கணிதம்’ பாடத்தை எப்படி நடத்துகிறேன் என்று சொல்லுமாறு ஒருங்கிணைப்பாளர் கேட்டுக்கொண்டார். அதைச் சொல்வதற்கு முன், அந்தப் பாடத்தை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது ஆண்டுகளாகச் சதவீதமும் வட்டியும் நடத்துகிறேன். ஆனால் அவற்றை முழுதாகப் படித்தது 2023ஆம் ஆண்டில், வகுப்பறைக்கு வெளியே, ஒரு வீட்டுத் திண்ணையில்.

பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஆறு வாடகை வீடுகள் மாறியிருக்கிறேன். ஆறாவது வீட்டில் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் தம் மகனுக்கு வீடு வேண்டும் என்றார். தேர்வு முடியும்வரை பொறுங்கள் என்று கேட்கவே எனக்கு மூன்று நாள் பிடித்தது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கும் குரல், தனக்காக ஒன்று கேட்கும்போது தொண்டையிலேயே நின்றுவிடும். நம்மில் பலர் அப்படித்தான். அன்றிரவு என் வீட்டுக்காரரிடம், “அடுத்த வீடு நம்ம வீடாத்தான் இருக்கணும்” என்றேன். அவர் கடைவீதியில் தையல் கடை வைத்திருப்பவர். “அளவு எடுத்துட்டுத்தான் துணியை வெட்டணும்” என்றார். நான் அளவு எடுக்கவில்லை.

முதல் முயற்சி

முதலில் பார்த்த வீடு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. வாசலில் ஒரு வேப்பமரம், பள்ளிக்கு நடக்கிற தூரம். தரகர், “நாளைக்கு இன்னொரு பார்ட்டி வருது டீச்சர், டோக்கன் போட்டு வைங்க” என்றார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பத்திரத்தின் நகலைக்கூடப் பார்க்காமல், 25,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கக் கூச்சம். இரண்டு வாரத்தில் வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. நான்கு மாதம் நடையாய் நடந்து 15,000 ரூபாய் திரும்பி வந்தது. பத்தாயிரம் போனது போனதுதான்.

பிறகுதான் ஒன்று தெரிந்தது. வீடு, மனை போன்றவற்றுக்கான முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்று 2015 ஜூன் முதலே வருமான வரிச் சட்டம் சொல்கிறது. காசோலையாகக் கொடுத்திருந்தால் சட்டப்படியும் சரி, என்னிடம் சான்றும் இருந்திருக்கும். அந்தப் பத்தாயிரத்தை நான் கட்டிய கல்விக் கட்டணம் என்று வைத்துக்கொண்டேன்.

என் எல்லை எது?

இரண்டாவது வீட்டைப் பார்த்தபோது புத்தி வந்திருந்தது. முப்பதுக்கு நாற்பது மனை, அதாவது 1,200 சதுர அடி. அதில் 900 சதுர அடியில் பதினைந்து வருடப் பழைய தரைத்தள வீடு. சொன்ன விலை 38 லட்சம். வீட்டின் உரிமையாளர் ஓய்வு பெற்ற பெரியவர். மனைவி இறந்தபின் மகனோடு வெளியூரில் இருக்கப் போவதாகச் சொன்னார்.

இம்முறை, விலை பேசுவதற்கு முன் என்னோடு நான் பேசிக்கொண்டேன். கையில் என்ன இருக்கிறது? சேமிப்பு, சீட்டுப் பணம், விற்கத் துணிந்த நகை எல்லாம் சேர்த்து 11 லட்சத்து 50 ஆயிரம். நான் 2003 ஏப்ரலுக்குப் பிறகு பணியில் சேர்ந்தவள். சேமநல நிதியிலிருந்து முன்பணம் எடுக்க வழியில்லை. என் சம்பளத்துக்கு வங்கி 28 லட்சம் தருவதாகச் சொன்னது. ஆக மொத்தம் 39 லட்சத்து 50 ஆயிரம். சொன்ன விலை 38. “வாங்கிடலாமே, ஒன்றரை லட்சம் மிச்சம்கூட இருக்கே” என்று மனம் துள்ளியது.

வகுப்பில் ஒரு மாணவன் இப்படி விடை எழுதியிருந்தால், “கேள்வியை முழுசாப் படிச்சியாப்பா?” என்று கேட்டிருப்பேன்.

வீட்டின் விலை வேறு, வீட்டுக்கு ஆகும் செலவு வேறு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. பதிவுக் கட்டணம் 2017 முதல் 4 சதவீதமாக இருந்து, 2023 ஏப்ரலில்தான் 2 ஆனது. இந்த விகிதங்கள் மாறக்கூடியவை. வாங்கும் நாளில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த 9 சதவீதத்துக்கு வங்கி பொதுவாகக் கடன் தராது, நம் கையிலிருந்துதான் போக வேண்டும். தரகருக்கு 1 சதவீதம். வழக்கறிஞர், பத்திர எழுத்தர், வங்கியின் பரிசீலனைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 50 ஆயிரம். குடிபோகும் முன் செய்தே தீர வேண்டிய பழுதுவேலை 1 லட்சத்து 20 ஆயிரம்.

வீட்டின் விலையை x என்று வைத்தேன். செலவில் விலையோடு கூடிக் குறைவது 10 சதவீதம், மாறாதது 1.7 லட்சம். 1.10x + 1.7 என்பது 39.5-ஐத் தாண்டக் கூடாது. x என்பது 34.36-ஐத் தாண்டக் கூடாது. எட்டாம் வகுப்பு ஒருபடிச் சமன்பாடுதான். 38 லட்சத்துக்கு வாங்கியிருந்தால் மொத்தச் செலவு 43 லட்சத்து 50 ஆயிரம். நான்கு லட்சம் குறைந்திருக்கும். அந்த நான்கு லட்சத்தைக் கைமாற்றாகவோ மாத வட்டிக்கோ வாங்கியிருப்பேன். நம் ஆசிரியர் அறைகளில் அப்படி மாட்டிக்கொண்டவர்கள் ஒருவரேனும் உண்டு, உங்களுக்கே தெரியும்.

34 லட்சத்து 36 ஆயிரம் என்று ஒரு சின்னத் தாளில் எழுதி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பேச்சில் என்ன நடந்தாலும் இந்த எண்ணைத் தாண்டுவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை வீட்டிலேயே, தனியாக, அமைதியாக இருக்கும்போது முடிவு செய்ய வேண்டும். வேப்பமர நிழலில் நின்றுகொண்டு முடிவு செய்யக் கூடாது.

அவர் விலை எங்கிருந்து வந்தது?

என் எல்லை என் பிரச்சினை. “என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது” என்று சொன்னால் எதிரில் இருப்பவர் ஏன் குறைக்க வேண்டும்? வீட்டுக்கு என்ன மதிப்பு என்பதை அவருக்கும் விளங்கும்படி சொல்ல வேண்டும்.

மனைக்கு ஒரு மதிப்பு, கட்டடத்துக்கு ஒரு மதிப்பு என்று பிரித்தேன். அதே தெருவில் சமீபத்தில் மனை வாங்கிய இரண்டு பேரிடம் விசாரித்தேன். சதுர அடி 1,450 ரூபாய் என்று தெரிந்தது. 1,200 சதுர அடிக்கு 17 லட்சத்து 40 ஆயிரம். பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பையும் பார்த்தேன். அது அரசு தீர்வை வாங்குவதற்கான அளவுகோல். சந்தை விலை அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

கட்டடத்துக்கு, தெரிந்த பொறியாளர் ஒருவரை அழைத்துப் போனேன். இன்றைக்குக் கட்டினால் அந்தத் தரத்துக்குச் சதுர அடி 2,200 ஆகும் என்றார். 900 சதுர அடிக்கு 19 லட்சத்து 80 ஆயிரம். கட்டடத்துக்கு அறுபது வருட ஆயுள் என்று வைத்தால், பதினைந்து வருடத்தில் கால்பங்கு போய்விட்டது. மீதி 14 லட்சத்து 85 ஆயிரம். இரண்டையும் கூட்டினால் 32 லட்சத்து 25 ஆயிரம். பழுதுவேலையைக் கழித்தால் சுமார் 31 லட்சம். மண்ணுக்குத் தேய்மானம் இல்லை, கட்டடத்துக்கு உண்டு என்ற ஒரு வரியைப் புரிந்துகொண்டால் பழைய வீட்டின் விலை பாதி விளங்கிவிடும்.

வீட்டை மூன்று முறை பார்த்தேன். முதல் முறை பகலில். இரண்டாம் முறை இரவு எட்டு மணிக்கு. தெருவிளக்கு எரிகிறதா, குழாயில் தண்ணீர் எப்போது வருகிறது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்க. மூன்றாம் முறை ஐப்பசி அடைமழையில். சமையலறை மூலையில் சுவர் ஓதம் காத்திருந்தது; மேலே தட்டோடு பெயர்ந்து தண்ணீர் இறங்கியிருந்தது. வெயிலில் பார்த்தபோது அந்த இடத்தில் ஒரு நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

திண்ணையில்

பேச்சு தொடங்கியது. தரகர் என் வீட்டுக்காரரைப் பார்த்தே பேசினார். “சார், நீங்க ஒரு விலை சொல்லுங்க சார்.” அவர் நிதானமாக, “எனக்கு ஜாக்கெட் விலைதாங்க தெரியும். வீட்டு விலை அவங்களுக்குத்தான் தெரியும், அவங்ககிட்ட பேசுங்க” என்றார். பெரியவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் என் கூச்சம் பாதி கரைந்தது.

நான் கணக்குத் தாளை அவர் முன் வைத்தேன். மனை இவ்வளவு, கட்டடம் இவ்வளவு, தேய்மானம் இவ்வளவு, பழுது இவ்வளவு. “ஐயா, உங்க வீட்டைக் குறை சொல்ல வரல. நான் இப்படிக் கணக்குப் போட்டேன், எங்கயாவது தப்பு இருந்தா சொல்லுங்க. என் கணக்குல 31 வருது.” அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். “ஆழ்துளைக் கிணறு போட்டது எழுதலையே டீச்சர்? மோட்டார்? சுத்துச் சுவர்?” உண்மைதான், விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்து 32 லட்சத்து 50 ஆயிரம் என்று திருத்தினேன். அவர் 36 லட்சத்து 50 ஆயிரத்துக்கு இறங்கினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். “குறைச்சுக்கோங்க”, “முடியாது” என்று இரண்டு பேரும் இழுத்தால் அது கயிறிழுக்கும் போட்டி. நடுவில் ஒரு தாள் வந்துவிட்டால், இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்து அதைப் பார்க்கிறோம். என் கணக்கில் தவறு இருந்தால் ஏற்றுக்கொள்கிறேன் என்று தெரிந்தபிறகு, அவரும் தம் கணக்கைப் பார்க்கத் தயாரானார்.

அடுத்த ஞாயிறு 35 வரை வந்தார். நான் 34 என்றேன். அதற்கு மேல் ஏன் முடியாது என்பதையும் வெளிப்படையாகச் சொன்னேன். அப்போது தரகர் குறுக்கே புகுந்தார். “பத்திரத்துல 25 போட்டுக்கலாம் டீச்சர். மீதி ஒன்பது கையில குடுத்துடுங்க. முத்திரைச் செலவு எவ்வளவு மிச்சம் பாருங்க!”

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் மனம் ஆடியது. 9 லட்சத்துக்கு 9 சதவீதம், 81 ஆயிரம் ரூபாய். அப்புறம் மறுபக்கத்தையும் கணக்குப் போட்டேன். வங்கி பத்திர விலையைப் பார்த்துத்தான் கடன் தரும். 25 லட்சத்துக்கு 90 சதவீதமே தந்தாலும் 22 லட்சத்து 50 ஆயிரம்தான். 81 ஆயிரத்தை மிச்சம் பிடிக்க ஐந்தரை லட்சம் கடனை இழக்க வேண்டும். நாளை இந்த வீட்டை விற்கும்போது, வாங்கிய விலை 25 என்றே கணக்காகி, இல்லாத லாபத்துக்கு வரி கட்ட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேல், நாம் அரசு ஊழியர்கள். வீடு வாங்குவதைத் துறைக்கு முறைப்படி தெரிவித்து, பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடுக்கிறோம். அதில் பொய் எழுதிவிட்டு மறுநாள் வகுப்பில் போய் எந்தக் கணக்கை நடத்துவது? “முழு விலையும் பத்திரத்துல, முழுப் பணமும் வங்கி வழியா. இல்லைன்னா வேண்டாங்க” என்றேன்.

பெரியவர் 35-இல் நின்றார். நான் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன். அந்த வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை நடந்ததுதான் இந்தக் கதையிலேயே கடினமான பகுதி. ஒரு லட்சத்தில் விட்டுவிட்டோமே என்று இரவெல்லாம் தூக்கம் இல்லை. இருபது வருடக் கடனில், எட்டரை சதவீத வட்டிக்கு, ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை 868 ரூபாய். 240 மாதத்துக்கு 2,08,320 ரூபாய். ஒரு லட்சம் என்பது ஒரு லட்சம் இல்லை, இரண்டு லட்சத்துக்கு மேல் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லித் தேற்றிக்கொண்டேன்.

ஒரு கையெழுத்து

காத்திருந்த நாட்களில் சும்மா இருக்கவில்லை. பத்திர நகல்களை முன்பே வாங்கி வைத்திருந்தேன். வில்லங்க விவரங்களைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம், பார்த்தேன். பட்டா பெரியவர் பெயரில் இருந்தது. கடன், அடமானம் எதுவும் இல்லை. எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன். வழக்கறிஞரிடம் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி: “மனை 1988-ல அவங்க அப்பா பேர்ல வாங்கினது. அப்பா உயில் எழுதி வச்சாரா? கூடப் பிறந்தவங்க யாரு?”

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். யார் இறந்தார், யார் வாரிசு என்பது அதில் வராது. பட்டாவில் ஒருவர் பெயர் இருப்பதாலேயே மற்ற வாரிசுகளின் உரிமை போய்விடாது. விசாரித்தபோது, பெரியவருக்கு ஒரு தங்கை இருப்பது தெரிந்தது. உயில் இல்லை. தந்தை தம் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்த சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. கட்டடம் அண்ணன் கட்டியது; மண்ணில் தங்கைக்குப் பங்கு இருக்கிறது. அவர் கையெழுத்து இல்லாமல் வங்கி கடன் தராது.

தரகரிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. “நல்லதாப் போச்சு டீச்சர்! இதைச் சொல்லியே 30-க்கு இறக்கிடலாம். வேற யாரும் வாங்க மாட்டாங்க. அந்தம்மாகிட்ட ஒரு பத்தாயிரம் குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிடலாம்.”

விடுதலைப் பத்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு இருபத்து மூன்று வயது ஆகிவிட்டது. திருமணமான இரண்டாம் மாதம், அப்பா வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன். அடுப்படியில் இருந்தவளைக் கூப்பிட்டு, “சார்பதிவாளர் ஆபீசு வரைக்கும் போயிட்டு வரலாம்மா, ஒரு கையெழுத்துதான்” என்றார்கள். கையைத் துடைத்துக்கொண்டு போனேன். என்ன பத்திரம் என்று கேட்கவில்லை. கேட்டால் அண்ணன்மார் மனம் நோகும் என்று நினைத்தேன். கணிதப் பட்டதாரிதான் நான். எத்தனை சென்ட், என்ன மதிப்பு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அண்ணன்மார் கெட்டவர்கள் அல்லர். கேட்டிருந்தால் ஏதாவது கொடுத்திருப்பார்கள். நான்தான் கேட்கவில்லை.

அன்று மாலையே பெரியவர் ஊரில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு நேரே போனேன். தரகரை அழைக்கவில்லை. “ஐயா, விலை பேச வரல. உங்க பத்திரத்துல ஒரு விஷயம் இருக்கு, அதை நான் வாங்கலைன்னாலும் நீங்க தெரிஞ்சுக்கணும்” என்று எடுத்துச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. தாயார் காரியத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லையாம். கடைசியாக, “அவளைக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லம்மா” என்றார். அதில் பொய் இல்லை. அவருக்கு அது தோன்றியிருக்கவே இல்லை.

“34-ல மாத்தம் இல்லைங்கய்யா. இதைக் காட்டி நான் குறைக்க மாட்டேன். ஆனா கிரயப் பத்திரத்துல அவங்களும் உங்க கூட நின்னு எழுதிக் கொடுக்கணும். அவங்க பங்கு எவ்வளவுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. நான் ரெண்டு பேர் பேர்லயும் தனித்தனி வரைவோலை எடுத்துட்டு வர்றேன்” என்றேன்.

பதினொரு நாள் கழித்து அழைத்தார். தங்கை வீட்டுக்குப் போய் வந்ததாகச் சொன்னார். 34 லட்சத்துக்குச் சம்மதம்.

நல்லவளாக நடந்ததால் விலை குறைந்தது என்று சொல்ல வரவில்லை. அவருக்கும் அந்தச் சிக்கலைத் தீர்த்தால்தான் விற்க முடியும். அதற்கு ஒப்புக்கொண்டு காத்திருக்கத் தயாராக ஒருவர் வேண்டும். எனக்கு விலை வேண்டும், அவருக்குப் பொறுமையான ஆள் வேண்டும். பேரம் என்பது பல சமயம் அவ்வளவுதான். 30-க்கு அழுத்திப் பார்த்திருந்தால் கிடைத்திருக்குமோ என்று சில நண்பர்கள் கேட்டார்கள். கிடைத்திருக்கலாம். அந்த நான்கு லட்சம் யாருடைய பங்கிலிருந்து குறைந்திருக்கும் என்பதுதான் என் கேள்வி.

விலைக்குப் பிறகும் பேச்சு உண்டு

விலை முடிந்ததும் பேச்சு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பதிவு செய்த கிரய ஒப்பந்தம் போட்டோம். முன்பணம் 2 லட்சம், காசோலையாக. கார்த்திகையில் ஒப்பந்தம், மார்கழி வேண்டாம் என்றார், தை முடிவதற்குள் கிரயம். வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ, தங்கை கையெழுத்திடாவிட்டாலோ முன்பணம் முழுதாகத் திரும்பும் என்று ஒரு பிரிவு. பதிவு நாள் வரைக்குமான சொத்து வரி, தண்ணீர் வரி, மின்கட்டணம் அவருடையது. மோட்டார், மின்விசிறிகள், சமையலறை அலமாரி வீட்டோடு. ஊஞ்சல் பலகை அவரோடு. அது அவர் மனைவியுடையது. வாய்வார்த்தையாக இருந்தவை எல்லாம் எழுத்தில் வந்தன. என் முதல் 25,000 ரூபாய் கற்றுக்கொடுத்த பாடம் அது.

நம் துறை சார்ந்த ஒன்று. அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-இன்படி, வீடு, மனை வாங்குவதற்கு முன்பே துறைக்கு முறையான வழியில் எழுத வேண்டும். பதிவு செய்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நான் இருந்தபோது எங்கள் தலைமையாசிரியர்தான் நினைவூட்டினார். ஒப்பந்தத்துக்கு முன்பே அந்தக் கடிதம் போய்விடட்டும்.

2024 பிப்ரவரியில் பதிவு. சார்பதிவாளர் அலுவலகத்தில் அண்ணன் ஒரு பெஞ்சில், தங்கை ஒரு பெஞ்சில். அந்த அம்மாவின் பெயரை அழைத்தார்கள். விரல் ரேகை வைப்பதற்கு முன், “இதுல என்ன எழுதியிருக்கு, ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க” என்றார். பத்திர எழுத்தர் சலித்துக்கொண்டே படித்தார். அந்த அம்மா முழுவதையும் கேட்டார்; தம் பெயரில் இருந்த வரைவோலையின் தொகையைத் தாமே ஒருமுறை வாசித்துப் பார்த்தார்; அதன் பிறகுதான் விரலை வைத்தார். நான் இருபத்து மூன்று வயதில் செய்யாததை அவர் அறுபதில் செய்தார். வெளியே வந்து அண்ணனும் தங்கையும் ஒரே டீக்கடையில் நின்றார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

மொத்தச் செலவு 39 லட்சத்து 10 ஆயிரம். கையில் 40 ஆயிரம் மிச்சம். மாதத் தவணை 24,299 ரூபாய். சமையலறை ஓதம் போய்விட்டது.

வகுப்பறைக்கு

இப்போது ஒருங்கிணைப்பாளர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இந்தக் கணக்கைப் பெயர்களை நீக்கிவிட்டு எட்டாம் வகுப்பில் நடத்துகிறேன். மூன்று பாடவேளை. முதல் வேளையில் ‘மொத்தம் எவ்வளவு ஆகும்’ என்று சதவீதம். இரண்டாம் வேளையில் ‘அதிகபட்சம் எவ்வளவு தரலாம்’ என்று சமன்பாடு. மூன்றாம் வேளையில் வகுப்பை வாங்குபவர், விற்பவர் என்று இரண்டாகப் பிரித்து, தாளை நடுவில் வைத்துப் பேசச் சொல்கிறேன். ஒரே விதி: “குறைங்க” என்று மட்டும் சொல்லக் கூடாது, ஏன் என்று எண்ணோடு சொல்ல வேண்டும். தவறு கண்டுபிடித்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

முதல் முறை நடத்தியபோது ஆண்பிள்ளைகளே பேசினார்கள். பெண்பிள்ளைகள் கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். இப்போது எழுதியவர்தான் பேச வேண்டும் என்று விதியை மாற்றியிருக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி, வாய் திறந்தே நான் பார்க்காத பிள்ளை, எழுந்து, “மிஸ், இவங்க தேய்மானத்தை மண்ணுக்கும் சேர்த்துக் கழிச்சிட்டாங்க” என்றாள். விற்பவர் அணிக்கு நான்கு லட்சத்துக்கும் மேல் மீட்டுக் கொடுத்தாள்.

அந்தப் பிள்ளையிடம் ஒருநாள் யாராவது ஒரு தாளை நீட்டி, “ஒரு கையெழுத்துதாம்மா” என்பார்கள். அவள் வாங்கிப் படிக்க வேண்டும். என்ன, எவ்வளவு, ஏன் என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகு விருப்பப்பட்டால் விட்டுக்கொடுக்கட்டும். அது அவள் உரிமை. நம் பாடப்புத்தகத்தில் ‘வாழ்வியல் கணிதம்’ என்று அந்த இயலுக்குப் பெயர் வைத்தவர்கள் இதை நினைத்துத்தான் வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.